வெள்ளைப் பூவும் பின் டயரும்

எங்கள் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் தனியாகப் பேசிக்கொள்ள இடம் கிடையாது. தண்டையார்பேட்டையில் ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. அறையில் என் தாயார் இருக்கிறாள், வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள், டிவி இருக்கிறது. சமையல்கட்டில் பேசினால் அறையில் கேட்கும். அறையில் பேசினால் பக்கத்து வீட்டில் கேட்கும், சில சமயம் அவர்கள் பதிலும் சொல்வார்கள். மொட்டை மாடி எல்லாருக்கும் பொது. அதனால் நானும் என் மனைவியும் கல்யாணமான காலத்திலிருந்து பைக்கில்தான் பேசி வருகிறோம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் வேலை விட்டு வந்து குளித்துவிட்டு வண்டியை எடுப்பேன். அவள் அர்ச்சனைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஒருபக்கமாக உட்காருவாள். திருவொற்றியூர் அம்மன் கோயிலுக்குப் போவோம். போகும்போது அவள் பேசுவாள், நான் கேட்பேன். திரும்பும்போது நான் பேசுவேன், அவள் தூங்குவாள். பெரியவனை எதில் சேர்ப்பது, சின்னவனுக்கு மூக்கில் ஆபரேஷன் செய்வதா வேண்டாமா, என் தாயாரை யார் டாக்டரிடம் கூட்டிப்போவது, எல்லாம் அந்த ரோட்டில்தான் முடிவானது. மெட்ரோவுக்குத் தூண் நட்ட வருஷங்களில் ரோடு குறுகிப்போய் வண்டி நகராமல் நிற்கும். ஊரெல்லாம் திட்டினார்கள். எங்களுக்கு அது நல்ல காலம்.

அப்படிப்பட்ட வண்டியில் பின் டயர் மொட்டையாகிவிட்டது.

நான் எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் மேஸ்திரி. தினமும் விரைவுச் சாலையில் போய் வருகிறவன். அந்த ரோட்டில் லாரி சிந்தாத பொருள் கிடையாது. டீசல் சிந்தும், நிலக்கரித் தூள் சிந்தும், கடல் பக்கமிருந்து மணலும் ஏறி வரும். யார்டுக்குள்ளே ஜல்லி. டயருக்கு அங்கே ஆயுசு கம்மி. டயரில் கட்டம் கட்டமாக நிற்கும் ரப்பரைப் பட்டன் என்பார்கள். என் பின் டயரில் பட்டன் இருந்த இடம் என் உள்ளங்கை மாதிரி ஆகியிருந்தது.

எங்கள் பக்கத்தில் டயர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர், கிறிஸ்தவர். கல்லாவுக்கு மேலே வசன காலண்டர் மாட்டியிருப்பார். அவர் இரண்டு டயரை எடுத்துத் தரையில் வைத்து, இரண்டையும் நகத்தால் அழுத்திப் பார்க்கச் சொன்னார். ஒன்று கொஞ்சம் மெத்தென்று இருந்தது. இன்னொன்று கல். மெத்தென்றிருப்பது ரோட்டைப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் தேயும். கெட்டியாக இருப்பது ரொம்ப நாள் உழைக்கும், ஆனால் ஈரத்தில் அதை நம்ப முடியாது. இரண்டும் சேர்ந்த மாதிரி ஒன்று கிடையாதா என்று கேட்டேன். நான் கேட்பதற்கு முன்பே இந்தக் கேள்வியைப் பல பேர் வாயிலிருந்து கேட்டு அலுத்தவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

"ரெண்டையும் முழுசா குடுக்க கம்பெனிக்காரனால ஆகாது. எதையாவது கொஞ்சம் விட்டுக் குடுக்கணும். எதன்னு நீங்கதான் சொல்லணும்."

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. யார்டில் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் என் தோஸ்து, தேயாத டயர்தான் டயர், மெத்தென்று போட்டால் பிள்ளைகள் வைத்திருக்கும் அழிரப்பர் மாதிரி போய்விடும் என்றான். கிரேன் ஓட்டுகிறவர் ஒருமுறை வழுக்கி விழுந்து பல்லை விட்டவர். அவர் கிரிப் கிரிப் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். டீ ஆறியது. கடைசியில் இருவரும் என்னை மறந்துவிட்டு, அந்தப் பல் விழுந்ததற்குக் காரணம் டயரா குடியா என்று பேச ஆரம்பித்தார்கள்.

எனக்கு ஒரு விஷயம் புத்திக்கு எட்டாவிட்டால் அம்மனிடம் போவதுதான் வழக்கம். எங்கள் தெருமுனையில் ஒரு அம்மன் கோயில் இருக்கிறது. அங்கே பூ கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெளியே தெரியாமல் இலையில் மடித்து அம்மன் காலடியில் வைத்து, மனசில் கேள்வியை நினைத்துக்கொண்டு, சம்பந்தமில்லாத ஒருவரை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. கல்யாணம், வீடு மாறுவது, வெளிநாட்டு வேலை என்று அதில் தீராத விஷயம் இல்லை.

பூசாரி பொட்டலத்தை வைத்துவிட்டு, பெரியவனுக்குப் பொண்ணு விஷயமா என்று கேட்டார். டயர் விஷயம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அவருக்கும் வண்டி இருக்கிறது.

"முன்னாலயா பின்னாலயா?"

"பின்னால."

"தெளிவா சொல்லிட்டு கும்புடு. அம்மாவுக்கு கொழப்பம் வரக் கூடாது."

வெள்ளை வந்தால் ரொம்ப நாள் உழைக்கும் டயர், சிவப்பு வந்தால் பிடிப்பான டயர் என்று மனசுக்குள் சொல்லி, கண்ணை மூடினேன். வாசலில் பூ விற்கும் அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒன்றை எடுத்தாள். வெள்ளை.

அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். எப்படி முடிவு செய்தேன் என்பதையும் சொன்னேன். அவர் காலண்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அங்கே சொல்லியாச்சு என்றால் நடுவில் நான் எதற்கு என்று கெட்டி டயரையே மாட்டிக் கொடுத்தார். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி வண்டியை வெளியே எடுத்தேன்.

அந்த டயரைக் குறை சொல்ல மாட்டேன். யார்டு ஜல்லி அதை ஒன்றும் செய்யவில்லை. மாதங்கள் போயும் பட்டன் போட்டது போட்டபடி நின்றது. தோஸ்து டீ நேரத்தில் கிரேன்காரரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து அதைக் காட்டினான். அவர் குனிந்து பார்த்துவிட்டு, மழை வரட்டும் என்று மட்டும் சொன்னார்.

மழை வந்தது. முதல் இரண்டு வெள்ளிக்கிழமை ஒன்றும் ஆகவில்லை. அடுத்தது ஐப்பசி வெள்ளிக்கிழமை. நாங்கள் கிளம்பும்போது மழை நின்றுவிட்டது. மழை நின்றாலும் மெட்ரோ பாலம் நிற்காது, அது மேலே வாங்கிய தண்ணீரை நிதானமாகக் கீழே சொட்டவிட்டுக்கொண்டே இருக்கும். டோல்கேட் தாண்டி தூண்களுக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தோம். அவள் சின்னவனைப் பற்றி ஏதோ ஆரம்பித்திருந்தாள். முன்னால் போன ஷேர் ஆட்டோ, கை காட்டிய ஒருவருக்காக நின்றது. நான் பிரேக் பிடித்தேன். வண்டியின் முன்பக்கம் நின்றது. பின்பக்கம் நிற்காமல், எங்களை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தது.

வேகம் இல்லாததால் பிழைத்தோம். எனக்கு முழங்கால் சிராய்ப்பு. அவளுக்கு முழங்கையில் தோல் வழண்டு ரத்தம். கூடையிலிருந்த தேங்காய் உருண்டு போய் ஷேர் ஆட்டோவின் சக்கரத்துக்கடியில் உடைந்தது. சகுனம் நல்லாத்தான் உடைஞ்சிருக்கு என்று யாரோ சொன்னார்கள். ஜனங்கள் வண்டியைத் தூக்கிக் கொடுத்தார்கள். அவள் எழுந்து புடவையை உதறி, பூவையும் பழத்தையும் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டு, பக்கத்திலிருந்த மெட்ரோ படியில் ஏறிப் போய்விட்டாள். நான் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் தரிசனம் முடித்து, முழங்கையில் விபூதி பூசி நின்றிருந்தாள். அம்மன் காப்பாற்றினாள் என்று நான் சொன்னேன். அவள் அதற்கு மட்டும் தலையாட்டினாள்.

அன்றிலிருந்து அவள் என் வண்டியில் ஏறவில்லை. கோபமும் இல்லை. சோறு போட்டாள், என் முழங்காலுக்கு மருந்து வைத்தாள். வெள்ளிக்கிழமை வந்தால் கூடையை எடுத்துக்கொண்டு மெட்ரோவுக்கு நடந்தாள். நான் தனியாக பைக்கில் போனேன். ஏசியில் போகிறவள் எப்போதும் எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருப்பாள்.

அந்த நேரம் பார்த்து என் தாயார் பெரியவனுக்குப் பெண் கொண்டுவந்தாள். மீஞ்சூரில் இருக்கும் தன் அண்ணனின் பேத்தி. நல்ல குடும்பம், முறையும் சரி. பெரியவனைக் கேட்டால் நீங்கள் சொல்வதுதான் என்று செல்போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான். என் மனைவியை எல்லார் முன்னாலும் வைத்துக் கேட்டாள் என் தாயார். "பாக்கலாம்" என்றாள் இவள். மாமியார் கொண்டுவந்த சம்பந்தத்துக்கு மருமகள் வீட்டுக்குள்ளே வேறு என்ன பதில் சொல்ல முடியும்? அந்தப் பாக்கலாமுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. என் பிள்ளைக்குப் பெண் எடுக்கிற விஷயத்தில் பெற்றவள் மனசு தெரியாமல் நான் எப்படி வாக்குக் கொடுப்பேன்? மீஞ்சூரிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் போன் வந்தது. பாக்கலாம் என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

யார்டிலிருந்து அவளுக்குப் போன் செய்து கேட்டுப் பார்த்தேன். என் தாயார் பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். நான் என்ன கேட்டாலும் "ம்" என்றே பதில் வந்தது. கோயிலுக்குள் வீட்டு விவகாரம் பேசமாட்டாள், அது அவள் விரதம். ஒரு வெள்ளிக்கிழமை வண்டியை வீட்டில் விட்டுவிட்டு நானும் அவளோடு மெட்ரோவில் போனேன். அங்கே ஆஸ்பத்திரி மாதிரி அமைதி. என் பக்கம் சாய்ந்து மெதுவாக, "அந்த மீஞ்சூர் பொண்ணு..." என்று ஆரம்பித்தாள். எதிரே உட்கார்ந்திருந்தவர் காதில் மாட்டியிருந்த இயர்போனைக் கழற்றினார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு தேரடி ஸ்டேஷன் வரைக்கும் ஜன்னலைப் பார்த்தாள்.

டயரை மாற்றுவது என்று முடிவு செய்தேன். பட்டன் தேயாத டயரைக் கழற்றுவது பாவம் என்று தோஸ்து சொன்னான். எனக்கு அதைவிடப் பெரிய சங்கடம் இருந்தது. அம்மன் கொடுத்த உத்தரவை நானாக மாற்றலாமா? திரும்பவும் பூ கட்டிப் பார்ப்பதுதான் முறை என்று நினைத்தேன். பூசாரியிடம் சொல்லி வைத்தேன். எங்கள் தெருவில் பூசாரியிடம் சொல்வதும் மைக்கில் சொல்வதும் ஒன்று.

அடுத்த வெள்ளிக்கிழமை திருவொற்றியூரில் தரிசனம் முடித்து வெளியே வந்தோம். செருப்பு விடும் இடத்தில் ஜனங்கள் அவரவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கோயில் வாசலைத் தாண்டிவிட்டதால் அவள் விரதம் முடிந்திருந்தது.

"மறுபடி பூ போட போறன்னு பூக்காரம்மா சொல்லுது."

ஆமாம் என்றேன்.

"அன்னிக்கு நீ அம்மாகிட்ட இன்னா கேட்ட? ரொம்ப நாளு வர டயரா, கிரிப்பு டயரான்னு கேட்ட. அம்மா சொன்னாங்க. அது இன்னும் தேயவே இல்ல. அவங்க மேல இன்னா தப்பு கீது?"

தப்பு என்று நான் சொல்லவில்லையே என்றேன்.

"பின்னால ஒருத்தி உக்காந்துகினு வராளே, அவளுக்கு எதுன்னு கேட்டியா? அத்த கேக்கறதுக்கு பூ எதுக்குயா? நான் இங்கதான கீறேன்."

சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு மெட்ரோ பக்கம் நடந்தாள். நான் என் செருப்பைத் தேடிக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். செருப்பு காலிலேயே இருந்தது.

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது சரி. நான் கேள்வியை இரண்டாக மடித்து இலைக்குள் வைத்துவிட்டேன். இலைக்குள் வராத பாகம் வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்திருக்கிறது. மனுஷரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதை அம்மன் தலையில் போடக் கூடாது. அவளுக்கு வேறு வேலை இருக்கும். மறுநாள் தெருமுனைக் கோயிலில் கற்பூரம் ஏற்றி இதை அம்மனிடம் சொல்லி, மன்னிப்புக் கேட்டுவிட்டு, என் மனைவியை டயர் கடைக்குக் கூப்பிட்டேன். வந்தாள். வண்டியில் இல்லை. நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு அவள் பக்கத்தில் நடந்தேன். வழியெல்லாம் தெரிந்தவர்கள் வண்டிக்கு என்ன என்று விசாரித்துக்கொண்டே கூட வந்ததால் மீஞ்சூர்ப் பேச்சை எடுக்க முடியவில்லை.

டயர் கடைக்குப் பெண்கள் வருவது அபூர்வம். அண்ணாச்சி ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. டயரை அழுத்திப் பார்க்கவும் இல்லை. வண்டி எங்கெங்கே எப்படிப் போகும் என்று அவரிடம் சொல்ல ஆரம்பித்தாள். டோல்கேட் சிக்னலில் ரோட்டில் போட்ட வெள்ளைக் கோட்டின்மேல் ஈரத்தில் ஏறினால் பின்பக்கம் லேசாக நழுவும். பாலத்துக்கு அடியில் சாக்கடை மூடி ஒன்று இருக்கிறது, அதன்மேல் போனால் இடுப்புக்குள் ஒரு வெட்டு வெட்டும். தேரடியில் திரும்பும்போது மணல் இருந்தால் வண்டி ஒரு நொடி யோசிக்கும். கெட்டி டயர் போட்ட முதல் மழையிலேயே இதெல்லாம் அதிகமாகிவிட்டது. முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிற எனக்கு இதில் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. எனக்குத் தெரிந்தது ஹேண்டில்பார் மட்டும்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"வண்டில பேச வேற நெறைய இருந்துச்சி."

அண்ணாச்சி மெத்தென்ற டயரிலேயே பள்ளம் ஆழமாக இருக்கும் ஒன்றை எடுத்து வந்தார். தண்ணீர் அந்தப் பள்ளத்தின் வழியாக ஒதுங்கிவிடும், ரப்பர் ரோட்டைத் தொடும், ஈர ரோட்டுக்கு இதுதான் என்றார். ஆனால் எண்ணூர் ரோட்டில் தினம் ஓடினால் பழைய டயர் உழைப்பதில் பாதிகூட உழைக்காது என்பதையும் மறைக்காமல் சொன்னார். நான் அவளைப் பார்த்தேன், சீக்கிரம் தேய்ந்துவிடுமாம் என்றேன்.

"தேயட்டும். தேயறதுக்குதான டயரு. அதுக்கு பதிலு நானா தேய முடியும்?" என்று முழங்கையைக் காட்டினாள். வடு இன்னும் மங்காமல் சிவப்பாக இருந்தது.

அண்ணாச்சி மாட்ட ஆரம்பித்தார். கழற்றிய கெட்டி டயரைத் தோஸ்து வாங்கிக்கொண்டான். அவன் பெண்டாட்டி ரயிலில் போகிறவள். அம்மன் சொன்ன சொல் பொய்யாகாமல் அது இன்றைக்கும் அவன் வண்டியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கிளம்பும்போது அண்ணாச்சி ஒன்று சொன்னார். புது டயர்மேல், அதை வார்த்த அச்சிலிருந்து வந்த மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கும், அது போகிற வரைக்கும் எந்த டயரும் வழுக்கும், கொஞ்ச நாள் நிதானமாக ஓட்டுங்கள், பின்னால் ஆளை ஏற்றாதீர்கள் என்றார். அவள் அதைக் கேட்டுக்கொண்டு, பூச்சு போனதும் சொல்லு என்று நடந்து வீட்டுக்குப் போய்விட்டாள். நான் தெருமுனைக் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தினேன். பூசாரி டயருக்குச் சந்தனம் வைக்க வந்தார். பக்கவாட்டில் வையுங்கள், ரோட்டைத் தொடுகிற இடத்தில் வேண்டாம் என்று நான் தடுத்தேன். என்னைப் பற்றி அவருக்கு என்ன தோன்றியதோ.

என் வாழ்க்கையில் டயர் தேயக் கூடாது என்றுதான் ஓட்டியிருக்கிறேன். தேய வேண்டும் என்று ஓட்டியது அப்போதுதான். காலையில் சாமி கும்பிட்டு, விபூதி பூசி, அதே கையால் டயரைத் தடவிப் பார்ப்பேன். வழவழப்பு இருக்கும். யார்டுக்கு நிதானமாக ஓட்டிப் போவேன். மாலையில் வந்து தடவிப் பார்ப்பேன். என் தாயார் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மீஞ்சூருக்கு என்ன சொல்வது என்று கேட்டாள். டயர் இன்னும் தயாராகவில்லை என்று வாயில் வந்ததை அடக்கிக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் வழவழப்பு போய், டயரின் மேல்தோல் மங்கிச் சொரசொரவென்று ஆகியிருந்தது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் தடவிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடையோடு வந்து வண்டி பக்கத்தில் நின்றாள்.

தூறல் போட்டிருந்தது. வேண்டுமானால் தூறல் நிற்கட்டும் என்றேன். இருக்கட்டும், இதுக்குத்தானே வாங்கினது என்று ஏறி உட்கார்ந்தாள். சீட்டுக்குப் பின்னாலிருக்கும் கம்பியை அவள் பிடித்திருக்கிறாள் என்று தெரிந்தது. வெள்ளைக் கோட்டின்மேல் ஏறினோம். நழுவவில்லை. பாலத்துக்கு அடியில் சாக்கடை மூடி வந்தது, இந்த முறை எனக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியும், ஒதுக்கி ஓட்டினேன். நாங்கள் விழுந்த இடம் வந்தது. அங்கே ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. அது அங்கேதான் எப்போதும் நிற்கிறது போலிருக்கிறது. நான் பிரேக் பிடித்தேன். வண்டி நேராக நின்றது. நான் மனசுக்குள் அம்மன் பெயரைச் சொன்னேன். அவளும் பின்னால் சொன்னாள், அவள் வாய்விட்டுச் சொன்னாள்.

காலடிப்பேட்டை தாண்டியபோது அவள் கை கம்பியை விட்டு என் தோளுக்கு வந்தது.

"அந்த மீஞ்சூர் பொண்ணு நம்ம பையனுக்கு வேணாம்."

ஏன் என்று கேட்டேன்.

"நான் அதுகிட்ட போன்ல பேசினேன். அதுக்கு இஷ்டம் இல்ல. படிக்கணும்னு சொல்லி அழுவுது. பெரியவங்க பேச்சுக்கு எதிர்த்து பேச பயந்துகினு கீது. உங்க அம்மா முன்னால இத்த நான் எப்டி சொல்றது? அவங்க அண்ணன் வூட்ட கொற சொல்றேன்னு ஆயிடும்."

பெரியவனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவனுக்கு எதுவும் தெரியாது, போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றாள். பிறகு சின்னவனைப் பற்றி, மழை நாளில் பாதியில் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். தேரடி வந்துவிட்டது, பேச்சு முடியவில்லை. நான் நிறுத்தாமல் மாட வீதியை ஒரு சுற்று சுற்றினேன். அதற்குள் அவள் சொல்லி முடித்தாள்.

தரிசனம் முடிந்து வெளியே வந்ததும், இதை என் அம்மாவிடம் யார் சொல்வது என்று கேட்டேன்.

"நீதான்" என்றாள், கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தபடி.

நியாயம்தான். வரும் வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது, எங்கே வைத்துச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அவள் தூங்கிவிட்டாள். என் தாயாருக்குக் காது நன்றாகக் கேட்கும், பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் நன்றாகக் கேட்கும். தாயாரிடம் தனியாகப் பேசலாம் என்றால் அவள் பைக்கில் ஏற மாட்டாள்.